நாற்பது கணினிகளுக்கு ஒரே கோப்பு: அலுவலகம் முழுவதும் ஆஃபீஸ் நிறுவும் முறை

"எல்லா சிஸ்டத்துக்கும் புது ஆஃபீஸ் போட்டுருங்க." கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதத்திலேயே வந்து சேரும் வேலை இது. எனக்கும் அப்படித்தான் வந்தது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். ஒவ்வொரு திரையிலும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தி நாற்பது கணினிகளை முடிக்க ஒரு வாரம் ஆனது. முடித்துவிட்டுப் பார்த்தால் ஒரு கணினியில் இருப்பது பக்கத்துக் கணினியில் இல்லை. ஒன்றில் 32 பிட், அடுத்ததில் 64 பிட். எதில் என்ன தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. எந்தெந்த மென்பொருள் வேண்டும், எந்த மொழி, அப்டேட் எப்போது வரவேண்டும், மேக்ரோவை (கோப்புக்குள் இருந்து தானாக வேலை செய்யும் சிறு நிரல்) அனுமதிக்கலாமா என்று எல்லா முடிவுகளையும் ஒரே கோப்பில் எழுதிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கணினியும் அந்தக் கோப்பைப் படித்துத் தானே நிறுவிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்கு இதைச் செய்யும் கருவியின் பெயர் ஆஃபீஸ் டிப்ளாய்மென்ட் டூல். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. இதைத் தொட்டே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் தேடினால், செட்டப் கட்டளையோடு அட்மின் என்று சேர்த்து ஓட்டுங்கள், வரும் எம்எஸ்பி கோப்பை அப்டேட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள் என்று சொல்லும் குறிப்புகள் நிறைய கிடைக்கும். அது ஆஃபீஸ் 2007 முதல் 2016 வரை வால்யூம் உரிமத்தில் (நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது) வந்த பதிப்புகளுக்கான முறை. அதன் பெயர் ஆஃபீஸ் கஸ்டமைசேஷன் டூல். 2019 பதிப்பிலிருந்து ஆஃபீஸ் கிளிக் டு ரன் என்ற நிறுவல் வடிவத்தில் மட்டுமே வருகிறது, அந்தப் பழைய முறை இதில் வேலை செய்யாது. அதே பெயரில் இப்போது இருப்பது ஓர் இணையப் பக்கம். டிப்ளாய்மென்ட் டூல் படிக்கவேண்டிய கோப்பை உருவாக்க நாம் பயன்படுத்தப் போவது அதைத்தான்.

கணினியைத் தொடும் முன் விசாரியுங்கள்

இந்த வேலையில் பாதி, விசாரிப்பதுதான். ஒவ்வொரு பிரிவுக்கும் நேரில் போய்க் கேளுங்கள். வேர்டு, எக்செல் தவிர வேறு எதைத் திறக்கிறீர்கள்? எக்செலுக்குள் கூடுதலாக ஏதாவது மெனு வருகிறதா? இந்தக் கணினியில் எத்தனை பேர் மாறி மாறி உட்காருகிறீர்கள்? தமிழில் கடிதம் அடிப்பவர் யார், எந்த எழுத்துருவில் அடிக்கிறார்?

இதைக் கேட்காமல் விட்டதால் எனக்கு ஒரு திங்கட்கிழமை முழுவதும் போனது. ஆஃபீஸின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸை யாரும் தொடுவதில்லை என்று நானாகவே முடிவு செய்து, நிறுவும் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டேன். ஸ்டோர்ஸ் பிரிவில் ஒரு அக்கா பல வருடங்களாகச் சரக்கு இருப்புக் கணக்கை ஆக்சஸில்தான் வைத்திருந்தார். காலையில் வந்து கோப்பைத் திறந்தவருக்கு, இதை எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. கணக்கு எதுவும் அழியவில்லை, ஆனால் நான் ஆக்சஸை மறுபடி நிறுவும் வரை அவர் பில் எதையும் பதிய முடியவில்லை. ஒரு நிமிடம் அவர் மேசைக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து, எதையாவது நீக்குவதற்கு முன் எல்லாப் பிரிவிலும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அப்புறம், கையில் இருக்கும் உரிமத்தின் சரியான பெயரை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் ஆப்ஸ் ஃபார் பிசினஸ் என்று ஒன்று, ஆப்ஸ் ஃபார் என்டர்பிரைஸ் என்று ஒன்று. பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு. பிசினஸ் உரிமம் வைத்துக்கொண்டு என்டர்பிரைஸை நிறுவினால் நிறுவல் நன்றாகவே முடியும், ஆக்டிவேட் செய்யும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். மாதச் சந்தா இல்லாமல் ஒரே தடவை வாங்கியது என்றால் அது எல்டிஎஸ்சி (புதிய வசதிகள் சேராமல் அப்படியே இருக்கும் நிறுவனப் பதிப்பு) 2021 அல்லது எல்டிஎஸ்சி 2024 ஆக இருக்கலாம். 2016-க்கும் 2019-க்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எல்டிஎஸ்சி 2021-க்கு 2026 அக்டோபர் வரைதான். இன்னும் அதில் இருக்கும் அலுவலகம் என்றால், இந்த வேலையோடு சேர்த்தே 2024-க்கு மாறுவதைப் பற்றியும் பேசிவிடுங்கள்.

முடிவு செய்யவேண்டியவை

முதலாவது, 32 பிட்டா 64 பிட்டா. புதிதாக நிறுவுவது என்றால் 64 பிட்டையே எடுங்கள். பெரிய எக்செல் கோப்புகளைத் திறக்கும்போது வித்தியாசம் தெரியும். ஆஃபீஸுக்குள் சேர்ந்து ஓடும் பழைய ஆட்-இன் ஒன்று 32 பிட்டில் மட்டும்தான் ஓடும் என்றால், அந்தப் பிரிவுக்கு மட்டும் 32 பிட் கொடுக்கலாம். ஒரே கணினியில் இரண்டையும் கலக்க முடியாது. வேர்டு 64 பிட், வரைபடம் வரையும் விசியோ 32 பிட் என்று வைத்துக்கொள்ள வழியில்லை.

இரண்டாவது, அப்டேட் எவ்வளவு வேகத்தில் வரவேண்டும் என்பது. இதைச் சேனல் என்பார்கள். கரன்ட் சேனலில் புதிய வசதி தயாரானதும் வந்துவிடும். மன்த்லி என்டர்பிரைஸ் சேனலில் மாதம் ஒரு முறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். செமி ஆனுவல் என்டர்பிரைஸில் புதிய வசதிகள் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மாதாமாதம் வரும். ஒரு காலையில் மெனு இடம் மாறியிருந்தால் நாற்பது பேரிடமிருந்தும் அழைப்பு வரும். என் அனுபவத்தில் சாதாரண அலுவலகத்துக்கு மன்த்லி என்டர்பிரைஸ் சரியாக இருக்கிறது. எந்தத் தேதியில் மாற்றம் வரும் என்று முன்பே தெரியும் என்பதால் ஆட்களைத் தயார் செய்ய முடியும். எல்டிஎஸ்சி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அதற்கென்று தனிச் சேனல்தான்.

மூன்றாவது, கணினியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்களா என்பது. சந்தா உரிமத்தில் ஒருவர் ஐந்து கணினிகளில் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். ஷிஃப்ட் முறையில் ஆள் மாறும் இடத்திலும், பள்ளி ஆய்வகத்திலும் இந்த ஐந்து சீக்கிரமே தீர்ந்துவிடும். அதற்காகவே ஷேர்டு கம்ப்யூட்டர் என்ற ஆக்டிவேஷன் முறை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஐந்தில் கணக்கு வராது. உங்கள் உரிமம் அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சில சந்தாக்களில் இது கிடையாது.

மொழியில் நம்மவர்கள் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழைச் சேர்த்தால் மெனு முழுவதும் தமிழாகிவிடும், பழகியவர்கள் திண்டாடுவார்கள் என்று பயந்து தமிழையே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். முதன்மை மொழியாக ஆங்கிலத்தை வைத்துவிட்டு, தமிழுக்குப் பிழைதிருத்தும் கருவியை மட்டும் சேர்க்கலாம். மெனு ஆங்கிலத்திலேயே இருக்கும், தமிழ்க் கடிதத்தில் எழுத்துப்பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு வரும். தமிழில் கோப்பு எழுதும் அலுவலகம் ஒவ்வொன்றிலும் இதைச் சேர்க்கவேண்டும் என்பேன்.

எழுத்துரு வேறு விஷயம், அதை இந்தக் கருவி பார்த்துக்கொள்ளாது. பழைய ஆவணங்கள் லதா எழுத்துருவில் இருந்தால், விண்டோஸ் 10 முதல் அது தானாக வருவதில்லை. விண்டோஸின் விருப்பத்தேர்வு வசதிகளில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற தொகுப்பைச் சேர்த்தால்தான் வரும். சேர்க்காவிட்டால் எழுத்து தெரியும், ஆனால் வேறு எழுத்துருவில் தெரியும். பக்க அமைப்பு குலையும், ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கத்துக்கு ஓடும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் ஆவணங்கள் இன்னும் மோசம். எழுத்துரு இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பழைய கணினியை எடுத்துப் போடும் முன் அந்த எழுத்துருக் கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள்.

கோப்பை உருவாக்குவது

இப்போது உலாவியில் கான்ஃபிக் டாட் ஆஃபீஸ் டாட் காம் என்ற முகவரிக்குப் போங்கள். புதிய கான்ஃபிகரேஷன் உருவாக்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கேள்விகள் வரும். மேலே முடிவு செய்தவற்றை அப்படியே தேர்ந்தெடுத்துக்கொண்டு போகலாம். வேண்டாத மென்பொருள்களை அணைத்துவிடுங்கள். ஆக்சஸ் கதையை மறக்காதீர்கள்.

சில இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். நிறுவல் எங்கிருந்து என்று கேட்கும் இடத்தில், இணையத்திலிருந்து நேரடியாக எடுப்பதா, அலுவலக சர்வரில் ஒரு ஃபோல்டரிலிருந்து எடுப்பதா என்று தேர்ந்தெடுக்கவேண்டும். நாற்பது கணினிகளும் தனித்தனியே சில ஜிபி இறக்கினால் அலுவலக இணைப்பு படுத்துவிடும். அதனால் சர்வர் ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள்.

திறந்திருக்கும் ஆஃபீஸ் மென்பொருள்களை வலுக்கட்டாயமாக மூடலாமா என்றும் ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் நிறுவல் தடையில்லாமல் ஓடும். ஆனால் ஒருவர் சேமிக்காமல் வைத்திருக்கும் ஆவணமும் அதோடு போகும். அலுவலக நேரத்தில் ஓட்டுவதாக இருந்தால் இதை அணைத்து வையுங்கள். ஒருவருடைய அரை நாள் உழைப்பை நம் வசதிக்காக அழிக்கக்கூடாது.

பழைய எம்எஸ்ஐ (விண்டோஸின் நிறுவல் கோப்பு வடிவம்) பதிப்புகளை நீக்கும் தேர்வையும் போட்டுவிடலாம், 2010, 2013, 2016 எல்லாவற்றையும் அதுவே எடுத்துவிடும். அப்படியே விட்டால் பழைய விசியோவையும் புராஜெக்டையும் சேர்த்தே எடுத்துவிடும். யாராவது அவற்றைப் பயன்படுத்தினால் விதிவிலக்காகக் குறித்துவையுங்கள்.

அடுத்து வருவது அப்ளிகேஷன் பிரிஃபரன்சஸ் என்ற நீண்ட பட்டியல். அலுவலகத்துக்கு ஏற்றபடி மாற்றியமைப்பது என்பது உண்மையில் இங்கேதான் நடக்கிறது. கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்படவேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கவேண்டும், மேக்ரோ எச்சரிக்கை எப்படி வரவேண்டும் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் தொடவேண்டாம். தேடல் பெட்டியில் மேக்ரோ என்று ஆங்கிலத்தில் அடித்து வேர்டுக்கும் எக்செலுக்கும் அறிவிப்போடு முடக்கு என்பதை வையுங்கள். எல்லா மேக்ரோவையும் அனுமதி என்பதை யார் கேட்டாலும் வைக்காதீர்கள். இணையத்திலிருந்து வந்த கோப்பில் உள்ள மேக்ரோவை 2022 முதல் ஆஃபீஸே தடுத்துவிடுகிறது. கணக்குப் பிரிவின் சொந்த மேக்ரோ கோப்பு ஓடவேண்டும் என்றால், அது இருக்கும் ஃபோல்டரை நம்பகமான இடமாகச் சேர்த்தால் போதும்.

புதியவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. இங்கே வைக்கும் செட்டிங் தொடக்க நிலைதான், பயனர் நினைத்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றவே கூடாது என்றால் அதைக் குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் விண்டோஸ் வசதி) வழியாகத்தான் பூட்டவேண்டும். அதற்கு ஆஃபீஸுக்கான நிர்வாக வார்ப்புருக்களை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து தனியாக இறக்கி, அலுவலகக் கணினிகளை ஒன்றாக இணைத்து நிர்வகிக்கும் டொமைன் சர்வரில் சேர்க்கவேண்டும். பிசினஸ் உரிமத்தில் குரூப் பாலிசி எடுபடாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், நிர்வாகத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் தவிக்க நேரும். பாதுகாப்புக்கானதைப் பூட்டுங்கள், வசதிக்கானதைத் திறந்து விடுங்கள் என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவு. எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ள விரும்பும் மூத்த ஊழியரை நாம் தடுக்கத் தேவையில்லை.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்போர்ட் அழுத்துங்கள். ஆவணங்களை எந்த வடிவத்தில் சேமிப்பது என்று ஒரு கேள்வி வரும், ஆஃபீஸ் ஓபன் எக்ஸ்எம்எல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உரிம ஒப்பந்தத்தை ஏற்றால் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இறங்கும். நோட்பேடில் திறந்து ஒரு முறை படித்துப் பாருங்கள், சின்னக் கோப்புதான், ஆங்கிலம் தெரிந்தால் புரியும்.

சர்வரில் இறக்கி வைப்பது

சர்வரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பகிருங்கள். டிப்ளாய்மென்ட் டூலை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி ஓட்டினால் எங்கே பிரித்து வைக்கலாம் என்று கேட்கும். இந்த ஃபோல்டரையே காட்டுங்கள். உள்ளே செட்டப் கோப்பும் சில மாதிரி எக்ஸ்எம்எல் கோப்புகளும் வரும். மாதிரிகளை அழித்துவிட்டு உங்கள் கோப்பை வையுங்கள்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அந்த ஃபோல்டருக்குப் போங்கள். செட்டப் என்று அடித்து ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு சாய்கோடு, அதோடு ஒட்டி டவுன்லோட் என்ற சொல், மறுபடி ஓர் இடைவெளி, கடைசியில் உங்கள் கோப்பின் முழுப் பெயர். எல்லாம் ஆங்கில எழுத்தில். சாய்கோடு என்பது கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ளது, மற்றதைப் போட்டால் வேலை செய்யாது. என்டர் தட்டியதும் திரையில் எதுவும் நடக்காது. கர்சர் சும்மா மின்னிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடாதீர்கள். ஃபோல்டருக்குள் ஆஃபீஸ் என்றொரு ஃபோல்டர் முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும், கர்சர் அடுத்த வரிக்குத் திரும்பினால் முடிந்தது.

கோப்பு இல்லை என்று பிழை வந்தால் முதலில் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் கோப்பின் நீட்சியை மறைத்து வைப்பதால், நோட்பேடில் சேமிக்கும்போது கடைசியில் ஒரு டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்புளோரரில் நீட்சியைக் காட்டும் தேர்வைப் போட்டால் பிடித்துவிடலாம்.

ஒரு கணினி, பிறகு ஐந்து

முதலில் உங்கள் கணினியிலோ ஒரு உதிரிக் கணினியிலோ ஓட்டிப் பாருங்கள். கட்டளை அதேதான், டவுன்லோட் இருந்த இடத்தில் கான்ஃபிகர். முடிந்ததும் ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து பாருங்கள். பிரிண்ட் எடுங்கள். தமிழில் ஒரு பத்தி அடித்து வேண்டுமென்றே ஒரு பிழை வையுங்கள், சிவப்புக் கோடு வருகிறதா என்று தெரியும். கணக்குப் பிரிவின் மேக்ரோ கோப்பைத் திறந்து ஓட்டுங்கள்.

அடுத்தது ஐந்து பேர். பிரிவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். ஒரு வாரமாவது விடுங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு அந்த வாரத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது, வருடம் முழுக்கத் திறக்காத கோப்புகளை எல்லாம் அப்போதுதான் திறப்பார்கள்.

எல்லோருக்கும்

டொமைன் இருக்கும் அலுவலகத்தில் குரூப் பாலிசியில் மென்பொருள் நிறுவும் பகுதி ஒன்றைப் பார்ப்பீர்கள். அது எம்எஸ்ஐ கோப்புகளுக்கானது, இந்த ஆஃபீஸ் அதில் போகாது. அதற்குப் பதில் கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் அந்தக் கட்டளையை எழுதுங்கள். லாகான் ஸ்கிரிப்டில் எழுதினால் சாதாரணப் பயனரின் பெயரில் ஓடும், நிறுவ அனுமதி இருக்காது. இன்னொன்று, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் கணினியின் பெயரில் ஓடுவதால், பகிர்ந்த ஃபோல்டரைப் படிக்கும் அனுமதியை டொமைன் கம்ப்யூட்டர்ஸ் என்ற குழுவுக்குத் தரவேண்டும். பயனர்களுக்கு மட்டும் தந்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பலர்.

ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் ஸ்கிரிப்ட் ஓடும் என்பதால், முதல் வரியில் ஒரு சோதனை வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸில் (32 பிட் ஆஃபீஸ் என்றால் புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86-இல்) மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், அதற்குள் ரூட், அதற்குள் ஆஃபீஸ்16 என்ற ஃபோல்டர் இருந்தால் வெளியேறிவிடு, இல்லையென்றால் நிறுவு. 2024 பதிப்பிலும் அந்த 16 மாறவில்லை. பழைய கிளிக் டு ரன் பதிப்பு ஏற்கனவே இருக்கும் கணினிகளில் அந்த ஃபோல்டரும் இருக்கும் என்பதால், அவற்றை மட்டும் தனியாகப் பாருங்கள்.

ஒரே நாளில் எல்லாப் பிரிவையும் சேர்க்காதீர்கள். காலை ஒன்பதரைக்கு நாற்பது கணினிகளும் ஒன்றாக எழுந்து சர்வரிடம் கேட்டால் நெட்வொர்க் திணறும். நாளுக்கு ஒரு பிரிவு என்று வைத்து, முந்தைய நாள் மாலையே அந்தப் பிரிவில் இருப்பவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள். இன்டியூன் (இணையம் வழியாகக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, அதே எக்ஸ்எம்எல் உள்ளடக்கத்தை அங்கே ஒட்டலாம். டொமைனும் இல்லை, பத்துக் கணினிதான் என்றால், கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, ஒவ்வொரு கணினியிலும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். மேசைக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் முடிவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும்.

நிறுவிய பிறகு

ஏதாவது ஒரு கணினியில் பாதியில் நின்றால் டெம்ப் ஃபோல்டரைப் பாருங்கள். கணினியின் பெயரும் தேதியும் நேரமும் சேர்ந்த பெயரில் ஒரு லாக் கோப்பு இருக்கும். அதை ஆரம்பத்திலிருந்து படிக்காமல், கடைசியிலிருந்து மேல்நோக்கிப் பிழையைத் தேடுங்கள். பெரும்பாலும் வட்டில் இடமில்லாமல் இருக்கும், அல்லது பகிர்ந்த ஃபோல்டரை எட்ட முடியாமல் இருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றவேண்டி வரும். அதற்காக மறுபடி நிறுவவேண்டாம். இணையப் பக்கத்தில் பழைய கோப்பை இம்போர்ட் செய்து, மாற்றி, எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கட்டளையில் கான்ஃபிகருக்குப் பதில் கஸ்டமைஸ் என்று போட்டால் செட்டிங் மட்டும் மாறும், சில நொடிகளில் முடிந்துவிடும்.

கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்து வையுங்கள், பழையதை அழிக்காதீர்கள். அதே ஃபோல்டரில் ஒரு சின்ன உரைக் கோப்பும் இருக்கட்டும்: 32 பிட் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆட்-இன்னுக்காக, எந்த ஃபோல்டர் நம்பகமான இடம், யார் கேட்டது. என்னுடைய கோப்பில் முதல் வரி, "ஆக்சஸை எடுக்காதீர்கள், ஸ்டோர்ஸ் கணக்கு அதில்தான் இருக்கிறது."